நேட்டாலுக்குப் போன பாட்டனார், இரண்டு மூன்று தாரங்கள்: வம்சாவளியைத் தேடுவது எப்படி?

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு, இன்றைய தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் காலனியாக இருந்த நேட்டாலின் டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு 1911 வரை 384 கப்பல் பயணங்களில் 1,52,184 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக நேட்டாலில் இறங்கினார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் சென்னையில் கப்பலேறியவர்கள், தமிழரும் தெலுங்கரும். அவர்களுடைய கொள்ளுப்பேரன் பேத்திகள் இன்று தென்னாப்பிரிக்காவிலிருந்து ஊரைத் தேடுகிறார்கள். நேட்டால் போய்த் திரும்பாத பெரிய பாட்டனாரின் கிளை என்னவாயிற்று என்று இங்கிருந்து தேடுகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஒரே முடிச்சில்தான்: அவருக்கு எத்தனை தாரம், எந்தப் பிள்ளை யார் வயிற்றில் பிறந்தது?

இந்த முடிச்சு ஏன் இவ்வளவு வீடுகளில் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கப்பலில் 100 ஆண்களுக்கு 40 பெண்கள் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. போய் இறங்கிய இடத்தில் காய்ச்சலும் காசநோயும் பிரசவச் சாவும் குடும்பங்களைக் கலைத்தன. ஊரில் மனைவியை விட்டுவிட்டுப் போனவர்கள் பலர் அங்கே இன்னொரு குடும்பம் கண்டார்கள். கணவனை இழந்த பெண்ணும், கணவனைப் பிரிந்து தனியாகக் கப்பலேறிய பெண்ணும் அங்கே மறுபடி வாழ்க்கைப்பட்டார்கள். ஆணுக்கு மூன்று தாரம் என்று கதை சொல்லும் வீட்டில், அந்த மூன்று பெண்களில் ஒருத்திக்கு முன்பு ஒரு கணவன் இருந்திருப்பான் என்பதை யாரும் சொல்வதில்லை. 1885 முதல் 1887 வரை நேட்டால் இந்தியர்களின் நிலையை விசாரித்த ராக் கமிஷன்கூட இந்தியர் திருமண விவகாரத்தைத் தனியாக எடுத்துப் பேச வேண்டியிருந்தது. அன்றைய அதிகாரிகள் இதை ஒழுக்கக்கேடு என்று எளிதாக எழுதிவைத்தார்கள். பெண்களைக் குறைவாக ஏற்றிவிட்டு, குடும்பங்களைத் தோட்டம் தோட்டமாகப் பிரித்துப் போட்டுவிட்டு, அந்த மக்கள் மேலேயே பழி போட்டதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. தேடத் தொடங்குகிறவர் அந்தப் பார்வையை ஆவணங்களோடு சேர்த்து உள்வாங்கிக்கொள்ளக் கூடாது.

புதிதாகத் தேடுகிறவர்கள் பாட்டனாரின் பெயரை எடுத்துக்கொண்டு அவருடைய கல்யாணப் பதிவுகளைத் தேடுவார்கள். கிடைக்காது. கிடைத்தாலும் ஒன்றுதான் கிடைக்கும். அவருடைய ஒவ்வொரு மனைவியையும் தனி மனுஷியாகத் தேடுங்கள். அவளுக்கென்று ஒரு கப்பல், ஓர் எண், ஓர் ஊர், ஒரு தகப்பன் பெயர் உண்டு. அந்தப் பெண்களின் தடம் கிடைத்துவிட்டால் எந்தத் தாரம் முதலில், எது பிறகு என்பது தானாகவே வரிசைக்கு வந்துவிடும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இதற்குத்தான்.

முதலில் வீட்டில் கேளுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் குடும்பத்தில் மூத்தவர்கள் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். “தாத்தாவுக்கு எத்தனை கல்யாணம்?” என்று நேரடியாகக் கேட்டால் பெரியவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். இறந்துபோனவர்களின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைப்பார்கள். கேள்வியை மாற்றுங்கள். “உங்கள் அப்பா கல்யாணத்துக்குத் தாய்மாமன் முறை செய்தது யார்? சித்தப்பா கல்யாணத்துக்கு யார்?” என்று கேளுங்கள். ஒரே தகப்பனின் பிள்ளைகளுக்கு இரண்டு வேறு தாய்மாமன் வீடுகள் வந்து நின்றிருந்தால், தாய்மார் இருவர் என்பது அங்கேயே தெரிந்துவிடும். யாருக்குக் காதுகுத்தின்போது யார் மடி கொடுத்தார்கள், தாத்தாவுக்குக் கொள்ளி வைத்தது மூத்த மகனா இளைய மகனா, திதி அன்று எந்தப் பாட்டியின் பெயரையும் சேர்த்துச் சொல்லிப் படைத்தார்கள் என்பதெல்லாம் பயன்படும். பேத்திக்குப் பாட்டி பெயரை வைக்கும் வழக்கம் அங்கேயும் நீடித்தது. ஆகவே வீட்டில் மறுபடி மறுபடி வரும் ஒரு பெண் பெயர், மறந்துபோன ஒரு பாட்டியின் பெயராக இருக்கலாம்.

உறவுமுறைச் சொற்களை அப்படியே நம்ப வேண்டாம். ஒருவர் “பெரியம்மா” என்று சொன்னால் அது அம்மாவின் அக்காவாக இருக்கலாம், பெரியப்பாவின் மனைவியாக இருக்கலாம், அப்பாவின் மூத்த தாரமாகவும் இருக்கலாம். மூத்தவள் இறந்தபின் அவள் தங்கையையே கட்டிக்கொண்ட குடும்பங்களில் சித்தியே மாற்றாந்தாயாகவும் ஆகிவிடுவாள். “அவங்க உங்களைப் பெத்தவங்களா, வளர்த்தவங்களா?” என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

பிறகு பெட்டி. பழைய தகரப் பெட்டி ஏதாவது வீட்டில் இருந்தால் அதில் உள்ள எல்லாத் தாளையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். ஒப்பந்தம் முடிந்ததற்கான விடுதலைப் பத்திரம், ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்கள் மேல் போட்ட 3 பவுண்டு வரியைக் கட்டிய ரசீது, நிலப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் சரி. அதில் எங்காவது ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

காலனி எண்

நேட்டாலில் இறங்கிய ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். ஆண், பெண், கைக்குழந்தை எல்லாருக்கும் தனித்தனி எண். 1860-இல் தொடங்கி 1911 வரை எண்கள் ஏறிக்கொண்டே போகும். ஆகவே எண்ணைப் பார்த்தாலே வந்த காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். ஏறக்குறைய 6,400-க்குக் கீழே இருந்தால் 1866-க்கு முன் வந்தவர். 1866 முதல் 1874 வரை ஆள் கொண்டுவருவது நின்றிருந்தது. அதன் பிறகு வந்தவர்களுக்குப் பெரிய எண்கள்.

முனுசாமி என்ற பெயரில் நூற்றுக்கணக்கானவர்கள் இறங்கியிருக்கிறார்கள். அவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்துக் காட்டுவது இந்த எண்தான். அந்த மனிதர் வாழ்ந்த காலம் முழுக்க அரசாங்கத் தாள்களில் அந்த எண் அவர் பெயருக்குப் பக்கத்திலேயே வரும். குடியேற்றத் தொழிலாளர்களைக் கவனிக்க 1872-இல் ஏற்படுத்தப்பட்ட பாதுகாவலர் அலுவலகம் தன் கோப்புகளை இந்த எண்ணைக் கொண்டே நடத்தியது. பிறப்புப் பதிவுகளிலும் பெரும்பாலும் தகப்பன் எண், தாய் எண் இரண்டும் இருக்கும். பல தாரம் கண்ட குடும்பத்துக்கு இந்தத் தாய் எண்ணைவிடப் பெரிய உதவி வேறில்லை. பிள்ளையின் பிறப்புப் பதிவில் உள்ள தாய் எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பிள்ளையின் பதிவில் அதே எண் வருகிறதா, மாறுகிறதா என்று பாருங்கள். தாயின் பெயர் ஒன்றாக இருந்து எண் வேறாக இருந்தால் பெரும்பாலும் அவர்கள் ஒரே பெயர் கொண்ட இரண்டு வேறு பெண்கள்.

காலனி எண் இல்லாத சிலரும் உண்டு. சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்துப் போனவர்கள் இந்தப் பட்டியலில் வர மாட்டார்கள். அங்கேயே பிறந்தவர்களுக்குத் தாய் தகப்பன் எண்தான் வழிகாட்டி. முன்னோர் போனது மொரிஷியஸ் என்று தெரிந்தால் தேட வேண்டிய இடமே வேறு: மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தத் தீவின் இந்தியக் குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன.

கப்பல் பட்டியலைப் படிப்பது

எண் கிடைத்தால் கப்பல் பட்டியலுக்குப் போங்கள். இந்தப் பட்டியல்களைப் பேராசிரியர் ஜாய் பிரெயின் முன்னின்று கணினியில் ஏற்றினார். டர்பன் வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி–லுத்துலி ஆவண மையத்தைத் தேடிப் பிடித்தால் அங்கிருந்து வழி தெரியும். ஒரு வரியில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம், கப்பல், வந்த தேதி போன்றவை இருக்கும். யாரிடம் வேலைக்கு அனுப்பினார்கள் என்பதும் பல பதிவுகளில் உண்டு.

ஒருவருடைய வரியை மட்டும் நகலெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து வரிகளைப் படியுங்கள். குடும்பமாகக் கப்பலேறியவர்களுக்குப் பொதுவாக அடுத்தடுத்த எண்களே கிடைத்திருக்கும். அதே ஊர், அதே தாலுகாவிலிருந்து பக்கத்து எண்ணில் வரும் பெண் மனைவியாக இருக்கலாம், தங்கையாகவும் இருக்கலாம். வேறு மாவட்டத்துப் பெண் மனைவி என்று பதிவாகி உடன் வந்திருந்தால், சென்னையில் கப்பலுக்குக் காத்திருந்த டிப்போவிலேயே அவர்கள் ஜோடி சேர்ந்திருக்கக்கூடும். தனியாகப் போக வழியில்லாத பெண்ணும், துணை தேடிய ஆணும் அங்கே சேர்ந்து பெயர் கொடுத்ததுண்டு.

கப்பல் பெயருக்குப் பக்கத்தில் ரோமன் எண் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். உம்லாசி, உம்சிண்டோ போன்ற கப்பல்கள் திரும்பத் திரும்பப் போய்வந்தவை; அது எத்தனையாவது பயணம் என்பதற்கான எண் அது. அதை விட்டுவிட்டுக் கப்பல் பெயரை மட்டும் குறித்தால் வருடமே மாறிப்போகும்.

ஊர்ப் பெயர்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வாண்டிவாஷ் வந்தவாசி. சிங்கிள்புட் செங்கல்பட்டு. வட ஆற்காடு என்று இருந்தால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் தேட வேண்டும். சித்தூர்ப் பக்கமும் 1911 வரை அதோடு சேர்ந்திருந்தது. தாலுகா பெயரை முதலில் உறுதி செய்துகொண்டு அதன் பிறகு கிராமத்துக்கு வாருங்கள். ஒரே பெயரில் பல கிராமங்கள் இருப்பதால் கிராமத்தில் தொடங்கினால் அலைய வேண்டியிருக்கும்.

வயதை நம்ப வேண்டாம். கண் மதிப்பில் எழுதியது. சாதிக் கட்டத்திலும் எழுத்தர் தன் காதில் விழுந்ததை எழுதியிருப்பார், சொன்னவரும் மாற்றிச் சொல்லியிருக்கலாம். உடல் அடையாளத்தை நம்பலாம். இடது முழங்காலில் தழும்பு என்று இருபது வருடம் கழித்து வேறொரு தாளிலும் இருந்தால் அதே ஆள்தான்.

கல்யாணப் பதிவு: காலத்தைப் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள்

பந்தல் போட்டு, தாலி கட்டி, ஊரைக் கூட்டி நடந்த கல்யாணத்தைச் சட்டம் கல்யாணமாக ஏற்கவில்லை. பாதுகாவலர் அலுவலகத்தில் அல்லது மாஜிஸ்திரேட்டிடம் பதிந்தால்தான் கணக்கு. 1891-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் சட்டம் அதை முறைப்படுத்தியது. பலர் பதியவே இல்லை. அதனால் வரும் குழப்பங்கள் உங்களைக் கலங்கடிக்கலாம். இருபது வயதுப் பிள்ளை உள்ள ஒருவர் தன் பதிவில் “பிரம்மச்சாரி” என்று எழுதப்பட்டிருப்பார். முன்பு ஒருவரோடு பத்து வருடம் குடும்பம் நடத்திய பெண் “மணமாகாதவர்” என்று இருப்பார். பொய் சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டத்தின் கண்ணில் முந்தைய வாழ்க்கை நடக்கவே இல்லை, அவ்வளவுதான். பிள்ளையின் பிறப்புப் பதிவில் “முறைதவறிப் பிறந்தது” என்ற பொருளில் ஒரு சொல் இருந்தாலும் அதே கதைதான். “விதவை”, “மனைவியை இழந்தவர்” என்று எழுதியிருந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள்: முன்பு ஒரு பதிவு எங்காவது இருக்கலாம்.

1913 மார்ச் 14 அன்று கேப் டவுனில் நீதிபதி சியர்ல் கொடுத்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, சட்டப்படி பதியாத கல்யாணங்கள் செல்லாது என்ற நிலையை உண்டாக்கியது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பெண்கள் சட்டத்தின் பார்வையில் மனைவிகள் அல்லாதவர்களாக ஆனார்கள். அந்த வருடம் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் இறங்கிச் சிறை சென்றதற்கு இது முக்கியக் காரணம். சிறையிலிருந்து வந்து 1914 பிப்ரவரியில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மையும் அவர்களில் ஒருவர். 1914-இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் ஒருவருக்கு ஒரு மனைவி என்ற அளவில் இந்து, முஸ்லிம் கல்யாணங்களை ஏற்றுக்கொண்டு, ஏற்கெனவே சேர்ந்து வாழ்ந்தவர்கள் பதிந்துகொள்ளவும் வழி செய்தது.

தேடுகிறவருக்கு இதில் இரண்டு செய்திகள் உண்டு. 1914-க்குப் பின் பதிந்த ஒரு கல்யாணம் உண்மையில் 1890-களில் நடந்ததாக இருக்கலாம்; பதிந்த தேதியைப் பார்த்து “இது இளைய தாரம்” என்று முடிவுகட்டினால் வரிசை தலைகீழாகிவிடும். இரண்டாவது, இரண்டு மனைவிகளோடு வாழ்ந்தவர் இந்தச் சட்டப்படி ஒருத்தியை மட்டுமே பதிய முடிந்தது. மற்றவள் அந்த வீட்டிலேயே சமைத்து, பிள்ளை வளர்த்து, அங்கேயே செத்திருப்பாள். கல்யாணப் பதிவில் அவளைத் தேடிப் பயனில்லை. பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும் அவளுடைய சொந்த இறப்புப் பதிவிலும்தான் இருப்பாள்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் தேவாலய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். தாயின் பெயரை அங்கே கவனமாக எழுதியிருப்பார்கள்.

இறப்பு அறிவிப்பும் சொத்துக் கோப்பும்

எனக்கு ஒரே ஒரு ஆவணம்தான் கிடைக்கும் என்றால் இறப்பு அறிவிப்பைத்தான் கேட்பேன். இறப்புச் சான்றிதழ் வேறு, இது வேறு. ஒருவர் இறந்தபின் குடும்பத்தில் ஒருவர், சொத்துகளைக் கவனிக்கும் நீதிமன்ற அதிகாரியிடம் நிரப்பிக் கொடுக்கும் படிவம் இது. பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர், இறந்த இடம் எல்லாம் கேட்பார்கள். உயிரோடு இருக்கும் துணைவர் யார், முன்பே இறந்த துணைவர் யார், எப்போது இறந்தார் என்றும் கேட்பார்கள். பிள்ளைகள் பெயரை எழுதும் இடத்தில், வேறு வேறு கல்யாணங்களில் பிறந்தவர்களைத் தனித்தனியாக எழுதும்படி படிவமே சொல்லும். நாம் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்விக்கு அந்தக் குடும்பமே பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டோ கைநாட்டு வைத்தோ கொடுத்திருக்கிறது.

நேட்டாலின் தலைநகராக இருந்த பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் சொத்துக் கோப்புகள் என்ற தொகுப்பை ஃபேமிலிசர்ச் (FamilySearch) இணையதளத்தில் பார்க்கலாம். கணக்கு திறக்கக் காசு வேண்டாம். தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் நாய்ர்ஸ் (NAAIRS) என்ற தேடுதளத்திலும் கோப்பு எண்ணைக் கண்டுபிடிக்கலாம். அங்கே கோப்பின் விவரத்தில் உயிரோடிருந்த துணைவர் பெயரும் பல நேரங்களில் இருக்கும் என்பதால் மனைவி பெயரைப் போட்டும் தேடுங்கள். பாட்டனார் பெயரில் வராத கோப்பு பாட்டி பெயரில் வந்து நிற்கும்.

ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு பார்ப்போம். பெயர்களும் தேதிகளும் விளக்கத்துக்காக நானே அமைத்தவை. முனுசாமி 1931-இல் இறக்கிறார். அறிவிப்பில் வயது “சுமார் 70”. உயிரோடு இருக்கும் மனைவி அமிர்தம். முன்பே இறந்த மனைவி தாயம்மா, 1909 வாக்கில். முதல் கல்யாணப் பிள்ளைகள்: கோவிந்தசாமி, முனியம்மா, வீரம்மா. இரண்டாம் கல்யாணப் பிள்ளைகள்: பெருமாள், கன்னியம்மா. கணக்கு முடிந்தது போலத் தெரிகிறது. ஆனால் வீட்டில் மூன்று தாரம் என்று பேச்சு இருக்கிறது.

இப்போது தாயம்மாவின் கப்பலைப் பாருங்கள். 1890-இல் வந்திருக்கிறாள். கோவிந்தசாமி தன் கல்யாணப் பதிவில் 1916-இல் வயது 30 என்று சொல்கிறான். அப்படியானால் 1886-இல் நேட்டாலில் பிறந்திருக்க வேண்டும். தாயம்மா அப்போது கப்பலே ஏறவில்லை. வயதைக் கூட்டிக் குறைத்துச் சொல்வது வழக்கம் என்பதால் இந்த ஒரு தாளை வைத்து முடிவு செய்யக் கூடாது. கோவிந்தசாமியின் பிறப்புப் பதிவைத் தேடுகிறோம். 1887, தகப்பன் எண் முனுசாமியுடையது, தாய் எண் தாயம்மாவுடையது அல்ல. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு கப்பல் பட்டியலுக்குப் போனால் 1883-இல் வந்த சின்னம்மா, போளூர் தாலுகா. அவள் ஏன் இறப்பு அறிவிப்பில் இல்லை? அவள் முனுசாமிக்கு முன் இறக்கவும் இல்லை, அவருடைய விதவையாக இருக்கவும் இல்லை. அவளுடைய எண்ணையே வைத்து மேலும் தேடினால் 1892-இல் இன்னொரு தோட்டத்தில், இன்னொரு ஆணின் எண்ணோடு, ஒரு பெண் குழந்தையின் பிறப்புப் பதிவில் தாயாக நிற்கிறாள். பிரிந்து போய் வேறு குடும்பம் கண்டிருக்கிறாள். கோவிந்தசாமிக்கு யாரும் சொல்லாத ஒரு தங்கை இருந்திருக்கிறாள், அவளுக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கலாம்.

இறப்பு அறிவிப்பை நிரப்பியவர் யார் என்பதையும் பாருங்கள். இளைய தாரத்தின் மகன் நிரப்பியிருந்தால் மூத்த தாரத்துப் பிள்ளைகளில் ஒருவர் இருவர் விட்டுப்போயிருக்கலாம். மறதியாகவும் இருக்கும், சொத்துக்காகவும் இருக்கும். ஆகவே கோப்பின் முதல் பக்கத்தோடு நின்றுவிடாமல் முழுக் கோப்பையும் புரட்டுங்கள். உயில், கணக்கு, பங்கு கேட்டு எழுதிய கடிதம், “இவள் இறந்தவரின் சட்டப்படியான மனைவி அல்ல” என்று ஒருவர் கொடுத்த வாக்குமூலம் எல்லாம் உள்ளே இருக்கும். சொத்துச் சண்டை நடந்த குடும்பம் என்றால் தேடுகிறவருக்கு யோகம்தான். எந்தக் கல்யாணம் எங்கே யார் முன்னால் நடந்தது என்று சாட்சிகளே சொல்லியிருப்பார்கள். இதே மாதிரி கணவன் மனைவி வழக்குகளைப் பாதுகாவலர் அலுவலகக் கோப்புகளிலும் காணலாம். அவை பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இந்தியக் குடியேற்றம் என்ற பிரிவில் இருக்கின்றன.

தகப்பனுடையதோடு நில்லாமல் ஒவ்வொரு மனைவியின் இறப்பு அறிவிப்பையும், பிறகு ஒவ்வொரு பிள்ளையின் இறப்பு அறிவிப்பையும் எடுங்கள். பிள்ளைகளுடையதில் “தாயின் பெயர்” என்ற கட்டம் இருக்கும்.

பெயர் செய்யும் குழப்பம்

எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். முனுசாமி முன்சாமி ஆவார், மூன்சாமி ஆவார், மினிசாமியும் ஆவார். ‘உ’ ஓசைக்கு ஆங்கிலத்தில் இரண்டு ‘ஓ’ போடுவார்கள், பெண் பெயரின் கடைசியில் ‘எச்’ சேர்ப்பார்கள். ஃபேமிலிசர்ச்சில் ஐயமுள்ள எழுத்துகளுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போட்டுத் தேடலாம்.

அதைவிடச் சிக்கல் குடும்பப் பெயர். நம்மவர்களுக்கு அது கிடையாது; அங்கே சட்டத்துக்காக ஒன்று வேண்டியிருந்தது. ஒரு மகன் தகப்பன் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டு மூன்சாமி ஆனான். இன்னொருவன் சாதிப் பட்டத்தை எடுத்துக்கொண்டு கவுண்டரைக் கோவெண்டர் என்றும், முதலியாரை மூட்லி என்றும் எழுதினான். படையாச்சி, பிள்ளை, நாயக்கர், செட்டி எல்லாமே இப்படிக் குடும்பப் பெயர் ஆனவை. ஒரே தகப்பனின் பிள்ளைகள் இரண்டு குடும்பப் பெயரோடு இருப்பதைப் பார்த்ததும் தகப்பன் வேறு என்று முடிவு செய்யாதீர்கள். மூத்த தாரத்துப் பிள்ளைகள் ஒரு பெயரிலும் இளைய தாரத்துப் பிள்ளைகள் இன்னொரு பெயரிலும் வளர்ந்திருக்கலாம். தாய் மறுமணம் செய்துகொண்ட வீட்டில், வளர்ப்புத் தகப்பன் பெயரே பிள்ளையின் குடும்பப் பெயர் ஆனதும் உண்டு.

ஒருவருக்கே இரண்டு காலனி எண் இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பி, ஊரில் நிலைக்க முடியாமல் மறுபடி கப்பலேறியவருக்கு இரண்டாம் முறை புது எண். முதல் எண்ணோடு ஒரு மனைவி, இரண்டாம் எண்ணோடு இன்னொரு மனைவி. தகப்பன் பெயர், கிராமம், உடல் அடையாளம் மூன்றும் பொருந்தினால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மரபணுச் சோதனை உதவுமா?

தாள்கள் தீர்ந்துபோன இடத்தில் உதவும், அதுவும் நிதானமாகப் பயன்படுத்தினால். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இருவரின் பிள்ளைகள் சராசரியாக 12.5 சதவீத மரபணுவைப் பகிர்ந்துகொள்வார்கள். தகப்பன் ஒன்று, தாய் வேறு என்றால் அது 6.25 ஆகும். அடுத்த தலைமுறையில் 3.1 சதவீதத்துக்குப் பதிலாக 1.6. ஆனால் நம் குடும்பங்களில் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது; அதனால் எண்கள் கூடிவிடும், மாற்றாந்தாய்ப் பிள்ளைகளின் வழி வந்தவர்கள் முழு உறவு போலக் காட்டுவார்கள். சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள்.

தாய்வழி மைட்டோகாண்ட்ரியச் சோதனை இந்த வேலைக்கு இன்னும் பொருத்தம். அது தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வரும். மகள் வழியாக மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போகும். மூத்த தாரத்தின் மகளின் மகளின் பிள்ளை ஒருவர், ஐயத்துக்குரிய மகளின் மகளின் பிள்ளை ஒருவர். இருவருக்கும் வேறு வேறு வகை வந்தால் தாய் வேறு என்பது உறுதி. ஒரே வகை வந்தால் ஒரே தாயாக இருக்கலாம். இரண்டு தாரங்களும் அக்கா தங்கையாகவும் இருந்திருக்கலாம்.

சோதனைக்கு ஆளைக் கேட்கும் முன், என்ன தெரியவரலாம் என்பதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். எண்பது வயதுப் பாட்டியிடம் “உங்கள் அம்மா உங்கள் அம்மா இல்லை” என்று ஒரு முடிவுத்தாளை நீட்டுவது கொடுமை. வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.

மரத்தை எழுதுவதும் ஊருக்கு வருவதும்

வம்சாவளி எழுதும்போது ஒவ்வொரு மனைவிக்கும் தனிக் கட்டம், தனிக் கோடு. அவள் பெயருக்குக் கீழே அவள் எண், கப்பல், தகப்பன் பெயர், கிராமம். அவளுக்கு முன்பும் பின்பும் வேறு கணவர் இருந்தால் அவரையும் அந்தப் பிள்ளைகளையும் சேருங்கள். அவர்கள் உங்கள் முன்னோரின் உடன்பிறந்தவர்கள். “மனைவி 1, மனைவி 2” என்று எண் போடுவதைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, சேர்ந்து வாழத் தொடங்கிய ஆண்டை மட்டும் எழுதுங்கள். தாய் யாரென்று இரண்டு ஆவணங்கள் சொன்னால் முழுக் கோடு, ஒன்று மட்டும் சொன்னால் புள்ளிக் கோடு. உயிரோடு இருப்பவர்களின் விவரத்தைப் பொதுவில் போடும் மரத்தில் ஏற்ற வேண்டாம்.

ஊரைத் தேடும்போதும் பாட்டனார் ஊரோடு நின்றுவிடாமல் பாட்டிமார் ஊருக்கும் கேட்டு எழுதுங்கள். பாட்டனாரின் ஊர்ப் பெயர் கப்பல் பட்டியலில் சிதைந்து போயிருக்க, மூத்த பாட்டியின் ஊர் தெளிவாக இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் 130 வருடம் முந்திய கூலிக்காரரின் பெயர் இருக்காது. ஊரில் குலதெய்வக் கோயிலுக்கு வரி கொடுக்கும் பங்காளிகளின் பட்டியலை வைத்திருப்பவர் யார் என்று கேளுங்கள். கடிதத்தில் காலனி எண்ணை எழுதிப் பயனில்லை. தகப்பன் பெயர், கூடப் போன உறவினர் பெயர், கப்பலேறிய வருடம், வீட்டில் வழங்கிய குலதெய்வத்தின் பெயர் ஆகிய நான்கையும் தமிழில் எழுதி, பழைய படம் இருந்தால் அதன் நகலையும் வைத்து அனுப்புங்கள்.